இரண்டு இருக்கை, நான்கு இருக்கை

1

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெயன் வேலையிலிருந்து வந்து இரண்டு வழவழப்பான விளம்பரப் புத்தகங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒன்றின் அட்டையில் நீண்ட மூக்குள்ள சிவப்புக் கார். மற்றதில் கூரையை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்ட கரும்பச்சைக் கார். பச்சைக் காரில் முன்னால் இருவரும் பின்னால் இருவருமாக நான்கு பேர் தலைமுடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீயல்லே எஞ்சினியர், லதே. ரெண்டையும் வச்சு ஒரு லிஸ்ட் போடு. லிஸ்ட் என்ன சொல்லுதோ அத வாங்குவோம்” என்றார்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் ஒரு வருடம் நிறைகிறது. அது இருவருக்கும் தெரியும். இருவரும் சொல்லவில்லை. நான் சோற்றை இறக்கிவைத்துவிட்டுப் பென்சிலைத் தேடினேன்.

எங்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பாறசாலைக்காரி. ஜெயன் நெய்யாற்றின்கரை. கல்யாணமாகி நான்கு வருடம். கனடாவின் தெற்கு ஓரத்தில் விண்ட்ஸர் என்னும் ஊரில் இருக்கிறோம். நடுவில் ஓர் ஆறு. அக்கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட். ஜெயனுக்கு வேலை அக்கரையில், எனக்கு இக்கரையில். கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். கதவை மூடித் தண்ணீரைப் பீய்ச்சி, எங்கே கசிகிறது என்று பார்த்து, அச்சடித்த தாளில் குறிப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தாள். எதையும் வரிசைப்படுத்தாமல் என்னால் யோசிக்க முடியாது. கல்லூரியில் என்னுடன் மெக்கானிக்கல் படித்த மற்ற இரண்டு பெண்களும் இதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வார்கள்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயன் வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள். ஆனால் அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். பேருந்தின் பலகையைப் படிக்கிற அளவுக்குத்தான் தமிழ் எழுத்து தெரியும். பக்கம் பக்கமாகப் படிக்க மாட்டார். பாறசாலையில் என் அப்பா படிப்பார். படிக்கட்டும். அவருக்கும் இதில் தெரியாத ஒன்று இருக்கிறது.

2

எங்களிடம் நான்கு கதவுள்ள சாம்பல் நிறக் கார் ஒன்று இருந்தது. ஓடிக்கொண்டிருந்த கார்தான். போன செப்டம்பரில் அதை விற்றோம், இருவராலும் அதில் ஏறி உட்கார முடியாததால். அதன் பிறகு ஜெயன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப் பேருந்தில் வேலைக்குப் போகிறார். நான் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் காரில் போய் வருகிறேன். இந்த ஊரில் கார் இல்லாமல் ஒரு குளிர்காலத்தைக் கடப்பது எப்படி என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பட்டியலின் முதல் பக்கம் இப்படி இருந்தது:

குளிர்காலம் — சிவப்புக்குப் பின்சக்கர இழுவை, பனியில் வழுக்கும். பச்சைக்கு முன்சக்கர இழுவை. பச்சைக்கு ஒன்று.

எஞ்சின் — சிவப்புக்கு எட்டு சிலிண்டர். நிற்கும்போதே தரை அதிர்கிறது. சிவப்புக்கு ஒன்று.

கியர் — சிவப்பில் கையால் மாற்ற வேண்டும். எல்லை வரிசையில் நாள்தோறும் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் போய்விடும். பச்சைக்கு ஒன்று.

கூரை — பச்சையில் துணி. ஓரம் முழுக்க ரப்பர் பட்டை, மடிப்புகளில் இரண்டு அடுக்கு. நன்றாகச் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் ஐந்து வருடத்தில் கசியும், எனக்குத் தெரியும். சிவப்புக்கு ஒன்று.

இப்படிப் பதினைந்து வரி எழுதினேன். பெட்ரோல், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும் இடங்கள், உதிரிப் பாகம் கிடைக்கிற தூரம், சாமான் வைக்கிற இடம். பதினாறாவதாக ஒரு வரி எழுதினேன்: இருக்கைகள். சிவப்பில் இரண்டு. பச்சையில் நான்கு. இதற்கான மதிப்பை எந்தக் காருக்குப் போடுவது என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரப்பரால் அந்த வரியை அழித்தேன்.

பச்சைக்குப் பதினொன்று. சிவப்புக்கு நான்கு.

3

என் அப்பாவிடம் ஒரே கார்தான் எப்போதும் இருந்தது. பாறசாலை சந்திப்பில் வாடகைக்கு ஓடிய அம்பாஸிடர். கேரளப் பதிவு. இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளைக்குள் நுழைந்தால் தமிழ்நாடு. அங்கே வண்டி ஓட பெர்மிட் வேண்டும். குழித்துறைக்குப் போகிற ஒரு சின்ன ஓட்டத்துக்கு யாரும் பெர்மிட் எடுக்க மாட்டார்கள். அதனால் எல்லை ஓட்டுநர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து வண்டி செக்போஸ்டுக்கு முன்னால் ஆளை இறக்கிவிடும். ஆள் நடந்து அந்தப் பக்கம் போவார். அங்கே தமிழ்நாட்டு வண்டி ஒன்று நிற்கும். அப்பாவுக்கு அந்தப் பக்கத்துக் கூட்டாளி தங்கப்பன் மாமா. கல்யாணப் பெண்ணும் அப்படித்தான் நடந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் அப்படித்தான் நடந்தார்.

“அம்பதடி நடந்தா போரும்” என்பது அப்பா வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்லும் வாசகம்.

நான் பிறந்தது குழித்துறைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில். அம்மாவுக்கு வலி வந்ததும் அப்பா தன் காரில் ஏற்றினார். செக்போஸ்டுக்கு முன்னால் வழக்கம்போல் நிறுத்தினார். அம்மா நடந்து எல்லையைக் கடந்து தங்கப்பன் மாமாவின் காரில் ஏறினாள். எங்கள் வீட்டில் இது ஒரு வேடிக்கைக் கதை. யார் வந்தாலும் அப்பா சொல்வார். “இவ பொறக்கதுக்கு முன்னாலயே அதிர்த்தி கடந்தவளாக்கும். இவளுக்கு என்னத்துக்கு பாஸ்போர்ட்டு?” எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். நானும் சிரித்துத்தான் வளர்ந்தேன்.

காகிதங்கள் மட்டும் சிரிக்கவில்லை. பிறந்த சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, மற்றதெல்லாம் கேரளம். தனுவச்சபுரத்தில் ப்ரீ-டிகிரிக்குச் சேரும்போது, பாஸ்போர்ட் எடுக்கும்போது, கனடாவுக்கு விண்ணப்பிக்கும்போது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மேசைக்கு முன்னால் நின்று, பிறந்த ஊரும் வீடு இருக்கிற ஊரும் ஏன் வேறு வேறு மாநிலத்தில் இருக்கின்றன என்று விளக்க வேண்டியிருந்தது. நான் பொறுமையாக விளக்குவேன். எல்லை என்பது இறங்கி நடந்தால் தீர்ந்துபோகிற ஒன்று என்று எனக்கு உறுதியாகத் தெரியும் என்பதால் அந்தப் பொறுமை.

4

போன ஆகஸ்டில் எனக்கு ஏழு மாதம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன.

அதற்கு முந்தைய மாதங்களில் ஜெயனுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. நாங்கள் அக்கரையில் கடைக்குப் போய்த் திரும்பும்போது எல்லைக் கூண்டில் இருக்கும் அதிகாரி, காரில் எத்தனை பேர் என்று கேட்பார். ஜெயன், “இரண்டரை” என்பார். அதிகாரி குனிந்து என்னைப் பார்ப்பார். சிலர் சிரிப்பார்கள். ஒருவர் வாழ்த்துச் சொன்னார். நான் ஜெயனின் தொடையில் கிள்ளுவேன்.

அந்த மாதம் ஒரு புதன்கிழமை ஜெயனின் அலுவலகத்தார் வேலையை நிறுத்திவிட்டு, குடும்பங்களோடு சேர்ந்து டெட்ராய்டில் ஒரு பூங்காவில் மதியச் சாப்பாடு வைத்திருந்தார்கள். மூன்றரை மணிக்கு எனக்கு அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. பிறகு ஈரம். கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். இரத்தம்.

ஜெயனைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் கார்ச் சாவியை எடுத்தார்.

“இங்கயே போவாம். பத்து நிமிசத்துல ஒரு ஆஸ்பத்திரி உண்டு. வரும்போ போர்டு பாத்தேன்.”

“வேண்டாம்” என்றேன். “என்னோட ஹெல்த் கார்டு இங்க செல்லாது. என்னோட டாக்டரும் அங்கதான். நம்ம பக்கம் போயிருவோம். ஒரு சுரங்கம்தானே.”

“லதே, வேண்டாம். இங்க போவாம்.”

“ஒரு சுரங்கம்தானே” என்று மறுபடியும் சொன்னேன். என் குரல் நிதானமாக இருந்தது. எனக்கு நினைவிருக்கிறது. குரல் நடுங்கியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார்.

பின் இருக்கையில் சாய்ந்து படுத்துக்கொண்டேன். சுரங்க வாசலில் கூட்டம் இருப்பதை உள்ளே நுழைந்த பிறகுதான் பார்த்தோம். நகரில் ஏதோ விளையாட்டு முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரம். அந்தச் சுரங்கம் ஒரு மைல் நீளம். ஒரு போக்குக்கு ஒரே தடம். நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. நடந்து கடக்கவும் வழியில்லை. அதன் நடுவில் சுவரில் இரண்டு நாட்டுக் கொடிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்தக் கொடிகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையிலிருந்து அந்த மதியச் சாப்பாட்டின் அழைப்புத் தாளை எடுத்து, அதன் பின்பக்கம் வலி வருகிற நேரத்தை எழுதினேன். மூன்று ஐம்பத்திரண்டு. மூன்று ஐம்பத்தொன்பது. நான்கு ஐந்து. நான்கு ஒன்பது. பக்கத்தில் ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நீடித்தது என்பதையும் எழுதினேன். ஜெயன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இருக்கும் கார்களிடம் சொல்லி வழி கேட்கட்டுமா, ஹாரன் அடிக்கட்டுமா என்று கேட்டார். யாரும் எங்கும் ஒதுங்க முடியாது, அடிக்க வேண்டாம் என்றேன். அது சரியான தகவல்தான். அப்போது என் மனதில் ஓடியது வேறு. கொடிவரை வந்துவிட்டோம், இனி அம்பதடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளில் பதினேழு வரிகள் இருக்கின்றன. பதினேழாவது வரிக்குப் பிறகு எழுதவில்லை.

கூண்டுக்கு வந்தபோது அதிகாரி வழக்கம்போல் கேட்டார், காரில் எத்தனை பேர் என்று. ஜெயன், “மூன்று” என்றார். இந்தத் தடவை விளையாட்டாகச் சொல்லவில்லை. அதிகாரி குனிந்து பின் இருக்கையைப் பார்த்தார், உடனே ஓடினார். ஆம்புலன்ஸ் வந்தது. எல்லோரும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள்.

பெண் குழந்தை.

முன்னதாக வந்திருந்தால் என்று ஜெயன் டாக்டரிடம் கேட்டார். டாக்டர், “சொல்ல முடியாது” என்றார். இருந்திருக்கலாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் வேலையில் அப்படி ஒரு தாளை யாரிடமும் கொடுக்க முடியாது. சரி அல்லது தவறு, இரண்டில் ஒன்றைக் குறித்தாக வேண்டும்.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, குழந்தை தங்கவில்லை என்று மட்டும் சொன்னோம்.

5

டிசம்பரில் ஊருக்கு மூன்று வாரம் போனோம். குழித்துறையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்பா எங்கள் மூன்று பேரையும், அதாவது அம்மா, ஜெயன், நான், தன் காரில் ஏற்றினார். இஞ்சிவிளை தாண்டியதும் ஓரம் கட்டினார்.

“எறங்கு மக்கா. அம்பதடி. அங்கன தங்கப்பன் நிக்கான்.”

ஜெயன் கதவைத் திறந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார். என்னால் இறங்க முடியவில்லை. கை கதவின் பிடியில் இருந்தது. அப்பா வெளியே நின்று குனிந்து பார்த்தார்.

“என்னாச்சு? வெளிநாட்டுக்காரி நடக்க மாட்டியோ? ஒனக்கு காலு வலிக்குமுன்னா செக்போஸ்ட பேத்து இஞ்ச கொண்டுவரச் சொல்லட்டா?”

“வாறேன்பா.”

இறங்கினேன். பழக்கம்போல் எண்ணினேன், காரின் கதவிலிருந்து தங்கப்பன் மாமாவின் காரின் கதவுவரை. நூற்று எண்பத்திரண்டு அடி வைத்தேன். நடுவில் ஒரு மேடும் உண்டு. அம்பதடி என்பது அப்பா எல்லோருடைய தைரியத்துக்கும் சொல்லிவந்த ஓர் எண். நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. எதையும் எண்ணுகிற நான்.

தங்கப்பன் மாமா காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“ஆராக்கும் வாறது? நடந்து பொறந்தவளா?”

“ஓம், அவளேதான்” என்று என் பின்னால் நடந்து வந்த அப்பா சத்தமாகச் சொன்னார். “எலே தங்கப்பா, இப்பம் அவ ரெண்டு தேசத்துக்கு நடுவுல இருக்காளாக்கும். ஒனக்க செக்போஸ்டு எல்லாம் அவளுக்கு சும்மா.”

“அப்பம் அங்கயும் ஒரு பாறசாலையும் ஒரு களியக்காவிளையும் உண்டுன்னு சொல்லு.”

“உண்டு. நடுவுல ஆறு ஒண்ணு கூடுதல்.”

இருவரும் சிரித்தார்கள். ஜெயன் காரின் மறுபக்கத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து அம்மாவும் நானும் கை கழுவ நின்றபோது கேட்டேன்.

“அம்மா, நான் பொறந்த அண்ணைக்கு எப்பிடி நடந்த?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். “நடந்தேன்.”

“ஒரே நடையா?”

“ரெண்டு தடவ ரோட்டுல இருந்துட்டேன். ஒரு தடவ எந்திக்க மாட்டேன்னுதான் நெனச்சேன். ஆரோ ஒருத்தி மீன்கூடைய எறக்கி வச்சுட்டு என்னெ தூக்கி விட்டா. ஒனக்க அப்பா வண்டிய விட்டுட்டு வர முடியாதுன்னு அங்கன நிண்ணாரு.”

“அத ஏன் ஒரு நாளும் சொல்லல்ல?”

“நீ சிரிச்சிட்டுல்லா கேப்ப” என்றாள். “அதக் கெடுக்கணுமா.”

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம், நான் யாருடைய பேச்சைக் கேட்டு எந்தப் பக்கம் போகச் சொன்னேன் என்று. சொல்லவில்லை. பாயசம் உண்டா என்று யாரோ கேட்டார்கள், உண்டு என்றேன்.

6

பட்டியல் போட்ட வாரத்துச் சனிக்கிழமை கார்க் கடைக்குப் போனோம். விற்பனையாளர் நல்ல மனிதர், பேச்சுக்காரர். பச்சைக் காரைச் சுற்றிக் காட்டும்போது நான் டிக்கி எவ்வளவு ஆழம், ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நான்கு வருடமாகக் கார்த் தொழிலில் இருந்தும், கேள்வி அவசரமாக வந்தால் பாறசாலை சந்திப்புதான் வாயில் வருகிறது. அவர் மரியாதையாக விழித்தார். ஜெயன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாயிற்று. ஒரு நிமிடம் எல்லாம் எளிதாகிவிடும் போலிருந்தது.

விற்பனையாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். துணிக்கூரை எழுந்து, மடிந்து, பின்னால் போய்ப் படுத்தது. பிறகு முன் இருக்கையைச் சாய்த்து, பின் இருக்கையின் இடுக்கில் விரலை விட்டு ஓர் இரும்பு வளையத்தைக் காட்டினார். குழந்தை இருக்கையை இங்கே மாட்டலாம், இந்த மாதிரி காரில் இது அபூர்வம் என்றார்.

நான் நிமிர்ந்தபோது ஜெயன் அங்கே இல்லை. சிவப்புக் காரின் பக்கத்தில் நின்று, அதன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பை அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். தரைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் போனதில்லை. நெடுஞ்சாலையில் அவர் காலை அழுத்தியதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அதன் வேகம் எனக்குக் காகிதத்தில் தெரியும். உடம்பில் தெரிந்தது வேறு. ஆனால் ஒன்றையும் நான் அறிவேன். சுரங்கத்தில், வரிசையில், எட்டு சிலிண்டரும் நான்கு சிலிண்டரும் ஒரே வேகத்தில்தான் ஊர்கின்றன. அன்றைக்கு இது இருந்திருந்தாலும் ஒரு நிமிடம்கூட முந்தியிருக்க மாட்டோம். ஜெயன் அதைக் கணக்குப் போடாதவர் இல்லை.

திரும்பி வந்து கடையின் வாசலில் இருந்த பெஞ்சில் காகிதக் கோப்பையில் காப்பியோடு உட்கார்ந்தோம்.

“லிஸ்ட் என்ன சொல்லுது?”

“பச்ச. பதினொண்ணுக்கு நாலு.”

“செரி.”

“உங்களுக்குச் சிவப்புதானே வேணும்.”

“எனக்கு என்ன வேணும்னு லிஸ்ட்ல உண்டா?” என்றார். என் கையிலிருந்த பட்டியலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, “ஒரு வரி மாய்ச்சிருக்கே. கடைசியில. பென்சில் அழுத்தம் தெரியுது” என்றார்.

அவர் தமிழ் படிக்க மாட்டார். ஆனால் அழித்த இடத்தில் 2, 4 என்ற எண்கள் பதிந்திருந்தன. அவை எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

“சீட்டு” என்றேன்.

“ம்.”

“டாக்டர் தடை ஒண்ணும் இல்லன்னு சொல்லி ஆறு மாசம் ஆச்சு” என்றேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது அது ஒருமுறைதான்.

ஜெயன் காப்பியைக் கீழே வைத்தார்.

“பின்னால ஒரு சீட்டு இருந்தா, நான் கண்ணாடியில பாத்துட்டேதான் ஓட்டுவேன், லதே. அண்ணைக்கு முழுக்க உன் முகத்தத்தான் பாத்தேன். நீ எழுதிட்டு இருந்த. இவ்வளவு சமாதானமா ஒருத்தி எழுதுவாளோ, அப்பம் நேரம் உண்டுன்னு நெனச்சேன்.”

விற்பனையாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“நீ சொல்லு” என்றார் ஜெயன். “எத எடுக்கணும்னு. போன தடவையும் நீதானே சொன்ன.”

அவர் குரலை உயர்த்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. ஒரு வருடமாக அவர் வாயில் வைத்திருந்த வாக்கியம், காப்பியோடு சேர்ந்து தானாக வெளியே வந்துவிட்டது போலிருந்தது. வந்த பிறகு அவரும் அதைக் கேட்டுத் திகைத்தார் என்று நினைக்கிறேன். என் கைமேல் கையை வைக்க வந்து, வைக்காமல், கோப்பையை எடுத்துக்கொண்டார்.

பச்சை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால், இன்னொரு முறை நான் நிதானமாகச் சொல்லி, இன்னொரு முறை அவர் என்னை நம்பி, நாங்கள் அந்தச் சுரங்கத்துக்குள் போக வேண்டும்.

“சிவப்பு” என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ‘லிஸ்ட் பச்சையல்லவா சொல்லுது’ என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரும் எதற்கோ காத்திருந்தார். ஒருவேளை நான் வாக்கை மாற்றுவேன் என்று. இரண்டு பேரும் காப்பி தீரும்வரை அப்படியே இருந்தோம். பிறகு விற்பனையாளர் வெளியே வந்தார். ஜெயன் எழுந்து அவருடன் உள்ளே போனார்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் பேசினேன். அப்பாதான் எடுத்தார்.

“என்ன வண்டி எடுத்திய?”

“சிவப்பு. ஸ்போர்ட்ஸ் கார்.”

“கொள்ளாம். எத்தன பேரு இருக்கலாம்?”

வாடகைக் கார்க்காரர் கேட்கிற முதல் கேள்வி. அதில் வேறு பொருள் எதுவும் கிடையாது.

“ரெண்டு பேரு.”

“அது முன்னால. பின்னால?”

“பின்னால சீட்டு இல்லப்பா.”

“பின்ன சவாரிய டிக்கியிலயா ஏத்துவிய? ஏதாம் ஒரு ஆளு வந்தா நடந்து வரச் சொல்லுவியளோ?” என்று சிரித்தார். நான் சிரிக்கிற சத்தம் கேட்காததால் அவர் சிரிப்பும் பாதியில் நின்றது.

“மக்கா.”

“ம்.”

“வண்டி பின்னயும் மாத்தலாம், கேட்டியா. ரெண்டு வருசம் ஓட்டுங்க. பின்ன மாத்தலாம். வண்டிதானே.”

“ம்.”

“அம்மைக்கிட்ட குடுக்கட்டா?”

அம்மா வாங்கினாள். கார் என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. “நீ தின்னியா?” என்றாள். தின்றேன் என்றேன். அவளும் நானும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டபடி தொலைபேசி அட்டையில் நேரம் தீரும்வரை இருந்தோம்.

கார் புதன்கிழமை வந்தது. மறுநாள்தான் அந்த நாள். போன வருடம் அது புதன்கிழமை. கிழமையைப் பார்த்தால் கார் வந்த நாள், தேதியைப் பார்த்தால் அதற்கு மறுநாள் வியாழன். எதைச் சரியான நாள் என்று வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் விடுப்பு எடுத்திருந்தேன். மாலையில் பேருந்தில் அக்கரைக்குப் போய் ஜெயனின் அலுவலக வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் புதுக் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

“பாலம் வழியா போவோமா?” என்றார்.

“எதுன்னாலும் செரி. நீங்க சொல்லுங்க.”

அவர் சுரங்கத்துக்குத்தான் திருப்பினார். அன்றைக்குக் கூட்டம் இல்லை. கொடிகள் ஒரு நொடியில் கடந்துபோயின. என் கை கைப்பையின்மேல் இருந்தது. அதற்குள் அந்தத் தாள் மடித்தபடி இருக்கிறது. கார் முழுக்க எஞ்சினின் சத்தம் மட்டும். ஜெயன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அதில் தெரிவது பின்னால் வரும் கார்கள்தான்.

கூண்டில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். எங்கள் தாள்களை வாங்கினார். காரின் மூக்கை ஒரு பார்வை, கதவை ஒரு பார்வை. எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டார். ஜெயன் சொன்னார். அதிகாரி உதட்டைக் குவித்துச் சீட்டியடிப்பதுபோல் ஊதினார். தாள்களைத் திருப்பிக் கொடுத்துக் கையைக் காட்டினார். குனியவில்லை. காரில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு அரிசி கழுவிப் போட்டேன். பிறகு பட்டியலை எடுத்தேன். அழித்த வரியின் மேலேயே, அந்த எண்களின் பள்ளத்தின் மேலேயே, பேனாவால் எழுதினேன்:

எல்லை — சிவப்பில் எண்ண மாட்டார்கள். சிவப்புக்கு ஒன்று.

பதினொன்றுக்கு ஐந்து.